எனக்கென்று ஒரு பாயின்ட் டூ டூ

கிழங்கெடுப்பு முடிந்து வரும் முதல் சனிக்கிழமை எங்கள் குடும்பம் முழுவதும் பழைய ஜல்லிப் பள்ளத்தில் கூடும். இயந்திரத்தில் அடிபட்டது, அழுகத் தொடங்கியது, கோணல்மாணலாக விளைந்து யாரும் வாங்காதது என்று ஒரு டிரெய்லர் நிறைய உருளைக்கிழங்கு வந்து சேரும். அவற்றைப் பலகைமேல் அடுக்கிவைத்துத் துப்பாக்கியால் சுடுவோம். காலி டப்பாக்களும் உண்டு, ஆனால் கிழங்குக்கு ஈடாகாது. டப்பா சத்தம் போட்டுக் கீழே விழும், அவ்வளவுதான். கிழங்கு வெடிக்கும்.

கல்யாணமாகி ஐடஹோவுக்கு வந்ததிலிருந்து அந்தச் சனிக்கிழமைகளில் என் கணவன் தெய்னின் ரிவால்வரைத்தான் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தேன். அது அவன் அப்பாவிடமிருந்து வந்தது. அந்த வீட்டு ஆண்களின் கை எல்லாமே மண்வெட்டி அகலம்; பிடியும் அதற்கேற்றாற்போல்தான். என் விரல் விசையை எட்டுவதற்குள் துப்பாக்கியே கையில் திரும்பிக்கொள்ளும். போதாததற்கு, தெய்ன் தோளருகே நின்று பாடம் நடத்துவான். மூச்சை விடு என்பான், தோளை இறக்கு என்பான், அமுக்கு ஆனால் இழுக்காதே என்பான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் எந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோகும்.

போன வருஷம் நான் ஒரே டப்பாவைத் திரும்பத் திரும்பச் சுட்டும் அது அசையவில்லை. பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மார்வா, "விடு ஜோலின், அது என்னைக்காவது துருப்பிடிச்சுத் தானா விழும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிக்கப் வண்டியில் அந்த டப்பாவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்வா தெய்னின் அக்கா. ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் ஜெயிப்பது அவள்தான். ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த வருஷத்துச் சனிக்கிழமைக்கும் நடுவில் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை என்றும், கத்தரி பிடிக்கிற கை என்பதால் தானாக வருகிறது என்றும் சொல்வாள். நாங்களும் நம்பினோம்.

இந்த வருஷம் கிழங்கெடுப்பு தொடங்கும் முன்பே எனக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். பெரியது எதுவும் வேண்டாம். இருப்பதிலேயே சின்னத் தோட்டா போடும் பாயின்ட் டூ டூ போதும். தோட்டா மலிவு, உதைப்பு இல்லை, சத்தமும் காதைப் பிளக்காது. சாயங்காலம் நின்று நிதானமாகக் கிழங்கு சுட அதற்கு மேல் என்ன வேண்டும்? தெய்னிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்து, எந்த மாதிரி வாங்க வேண்டும் என்று உடனே சொல்ல ஆரம்பித்தான். நான் யோசனை கேட்கவில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆர்லோவின் கடையில் தூண்டில், டிராக்டர் பெல்ட், உப்புக்கண்டம், துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். அத்தனை வருஷமாக அந்தக் கடைக்குள் போய்வந்திருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பதில் ஏதோ ஒன்று எனக்கானது என்று நினைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தெய்ன் ஒரு குட்டி ரிவால்வரைக் காட்டினான். தோட்டா சிக்கவே சிக்காது, சுத்தம் செய்வது எளிது என்றான். கையில் எடுத்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் விசையை இழுக்க முழு பலமும் வேண்டியிருந்தது. இழுத்து முடிப்பதற்குள் குழல் நுனி வட்டம் போட்டது. ஒவ்வொரு தடவையும் பின்னால் உள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் மடக்கிவிட்டுச் சுட்டால் லேசாக இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் கரண்டி பிடிக்கிற கட்டைவிரல் என்னுடையது. அது ஏற்கெனவே என்னோடு சண்டையில் இருக்கிறது.

ஆர்லோ தன் பங்குக்குப் புது மாதிரி ஒன்றை நீட்டினார். பிளாஸ்டிக் உடம்பு, தானாகத் தோட்டா ஏறும் வகை, இறகுபோல் லேசு. பெண்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். எந்தப் பெண்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தன் மருமகள் என்றார்.

கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று உண்டு. வாங்குகிறவர்களை அங்கே சுட்டுப் பார்க்க விடுவார். கண்ணாடியும் காதுமூடியும் மாட்டிக்கொண்டு இரண்டையும் சுட்டேன். லேசான துப்பாக்கி, என் மூச்சுக்கெல்லாம் ஆடியது. குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் குறிமுள்ளோ கண்ணுக்கே தட்டுப்படவில்லை. திரும்பி வந்து, கனமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆர்லோ கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய துப்பாக்கியை எடுத்தார். இதுவும் தானாகத் தோட்டா ஏறும் வகைதான், ஆனால் முழுக்க இரும்பு, நீளக் குழல், தேய்ந்துபோன மரப் பிடி. பார்க்க ஏதோ தண்ணீர்க்குழாய்ச் சாமான் மாதிரி இருந்தது. பிடித்தேன். முன்பு யாருடைய கையோ அந்த மரத்தைத் தேய்த்துத் தேய்த்து என் அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. குறிமுள் ஜன்னலுக்கு நடுவே நிற்கும் கம்பம் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. மண்மேட்டில் ஆர்லோ வைத்திருந்த டப்பாவைப் பார்த்து விசையை மெல்ல அழுத்தினேன். எப்போது வெடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே டப்பா போய்விட்டது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் ஆர்லோ. "இதைச் சுத்தம் பண்ணக் கழட்டினா திரும்ப மாட்டறது பெரும்பாடு. எங்க மாமா ஒருத்தர் கழட்டினார். பாகமெல்லாம் ஒரு காபி டப்பாவில் கிடந்தது. அவர் செத்த பிறகும் அந்த டப்பாவிலேயேதான் கிடந்தது."

"அப்ப வாங்க வேண்டாங்கறீங்களா?"

"வாங்கு. கழட்டாத."

துப்பாக்கி வாங்கச் சட்டம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொடுத்து, என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஆர்லோ ஃபோனில் சரிபார்த்து முடிக்கும்வரை என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தூண்டில் பக்கம் போய் வந்தேன், டிராக்டர் பெல்ட்டை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் வைத்தால் என்ன என்று தெய்ன் கேட்டபோது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் அடுத்த சாயங்காலம்வரைதான். தெய்ன் ஆசையாக ஒரு வாளி நிறைய மலிவுத் தோட்டா வாங்கி வந்திருந்தான். கொட்டகைக்குப் பின்னால் நின்று சுட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே சிக்கியது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல், வேலியில் மாட்டிய ஆடு மாதிரி குறுக்கே நின்றது. எடுத்துவிட்டுச் சுட்டேன், மறுபடி சிக்கியது. அன்று முழுக்க சுட்டதைவிடச் சிக்கெடுத்ததுதான் அதிகம். ரிவால்வர் வாங்கியிருக்கலாம் என்று தெய்ன் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவன் பட்ட பாட்டைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆர்லோவிடம் ஓடினேன். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் ஒரு குறையும் இல்லை என்றார். "பாயின்ட் டூ டூவுக்கு நாக்கு நீளம்மா. எது பிடிக்கும்னு ஊட்டிப் பார்த்தாத்தான் தெரியும்." அலமாரியில் இருந்த தோட்டா வகைகளில் ஒவ்வொன்றாக எடுத்து என் பையில் போட்டார்.

மறுநாள் பள்ளிக்கூட வேலை முடிந்ததும் நேராக ஜல்லிப் பள்ளத்துக்குப் போனேன். பள்ளத்துக்குள் இறங்கும் முன்பே சுடும் சத்தம் கேட்டது. கீழே மார்வாவின் பிக்கப் நின்றது. அவள் பலகைமேல் டப்பாக்களை அடுக்கிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் காலித் தோட்டாக் கூடுகள் அள்ளலாம் போலக் கிடந்தன. பல மாதத்துக் கூடுகள். சில கறுத்தே போயிருந்தன.

நான் ஹார்ன் அடித்தேன். அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு முகம் சிவந்து நான் பார்த்தது அன்றுதான்.

"கடையில யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"பல் டாக்டர்கிட்ட போயிருக்கேன்னு எழுதி ஒட்டிட்டு வந்தேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

"வாரா வாரம்தான். என் பல்லு ரொம்ப மோசம்னு ஊரே பரிதாபப்படுது." பிறகு மெல்ல, "தெய்ன்கிட்ட சொல்லிடாத," என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதற்குள் அவள் கண் என் கையிலிருந்த பெட்டிமேல் போயிருந்தது. திறந்து காட்டினேன். எடுத்துப் பிடித்துப் பார்த்தவள், இது என்ன தண்ணீர்க்குழாயா என்று கேட்டுவிட்டு, பிடிக்குள் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசின் காலியாகும்வரை சுட்டாள். சுட்டு முடித்து என்னிடம் கொடுத்தவள், உடனே மறுபடி கையை நீட்டினாள். நான் தரவில்லை.

தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். மஞ்சள் பெட்டியில் இருந்தது சிக்கியது. இன்னொன்று சிக்கவில்லை, ஆனால் இடம்மாறிப் போய் விழுந்தது. பச்சைப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு நம்பிக்கையே போயிருந்தது. அந்தத் தோட்டா ஒன்றுகூடச் சிக்காமல் போனது. மேகசின் மாற்றி மாற்றிச் சுட்டோம், பலகையில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. நாங்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். எங்களுக்குள் அப்படி நடந்ததே இல்லை. வெயில் இறங்கிய பிறகுதான் வீட்டு நினைப்பே வந்தது.

சனிக்கிழமை வந்தது. பொரித்த கோழி, கிழங்கு சாலட், ரூட் பியர் சோடா, டிரெய்லர் நிறைய கிழங்கு. மார்வா கைப்பழக்கமே இல்லாமல் எப்படித்தான் சுடுகிறாளோ என்று தெய்ன் எல்லோரிடமும் வியந்துகொண்டிருந்தான். நான் வாய் நிறைய சாலட்டை வைத்துக்கொண்டேன். மார்வா ஆகாயத்தைப் பார்த்தாள்.

முதலில் வரிசைக் கிழங்குகள். குறி தவறத் தவற மச்சினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், தெய்னும் விலகினான். கடைசியில் நானும் மார்வாவும்தான் நின்றோம். எங்கள் வீட்டு வழக்கப்படி, கடைசிச் சுற்றுக்கு ஒரே ஒரு கிழங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். பள்ளத்துக்குள் காற்று வீசியதில் அது பள்ளிக்கூட மணியின் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

மார்வா சுட்டாள். கயிறு அதிர்ந்தது, ஆனால் கிழங்கு சிதறவில்லை. பின்னால் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

என் முறை. குறி வைத்தேன், அழுத்தினேன். 'ணிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. தோட்டா வெடிக்கவில்லை. துப்பாக்கியை மண்மேட்டைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அந்த மாதிரி சமயத்தில் தாமதமாக வெடித்தாலும் வெடிக்கலாம். பின்னால் தெய்ன் கிளம்பிவிட்டான். "ஜோ, அப்படியே வச்சுக்கிட்டு, வலது கையால—"

"தெய்ன், வாயை மூடு," என்றாள் மார்வா. "அவளுக்குத் தெரியும்."

கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டுத் துப்பாக்கியின் பின்பக்கத்தை இழுத்தேன். செத்த தோட்டா தரையில் விழுந்தது, புதியது ஏறிக்கொண்டது. கிழங்கின் பின்னாலேயே குறிமுள்ளை ஓட்டினால் நடக்காது என்று தெரிந்தது. ஆடிப் போய்த் திரும்பும் இடத்தில் அது கண நேரம் நிற்கிறது. அந்த இடத்தில் முள்ளை நிறுத்திவைத்துக்கொண்டு கிழங்கு வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தது. விசையை அழுத்தியது எனக்கே தெரியாது. வெள்ளையாக ஒரு புகைபோலச் சிதறி, வெறும் கயிறு மட்டும் காற்றில் ஆடியது.

நான் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்தேன். யாரோ என்னைத் தூக்கினார்கள். யாரோ ரூட் பியரை என் தலையில் ஊற்றினார்கள். மார்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் துப்பாக்கியை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். அவள் நடிப்பை நான் மெச்சத்தான் வேண்டும்.

இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது தெய்ன் பக்கத்தில் வந்து நின்றான். நாளைக்கு ஒரே ஒரு மேகசின் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மார்வா வாசலில் பிக்கப்பை நிறுத்தி ஹார்னை அடித்தபடி இருந்தாள். அதே மாதிரி துப்பாக்கி வேறு இல்லை என்று ஆர்லோ ஃபோனிலேயே சொல்லிவிட்டாராம். பரவாயில்லை, இருப்பது எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். குழல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், பிடி மரமா ரப்பரா, விசை எவ்வளவு லேசு என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் நான், பிடித்துப் பார் என்று மட்டும் சொன்னேன்.

கடையில் ஆர்லோ கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மார்வா கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள்.

"எல்லாத்தையும் எடுங்க," என்றாள். "அவசரமே இல்ல."