லேண்டிங் வரை ஒரு பொய்

1.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் கிரேன் இல்லாமல், கயிறு இல்லாமல், ஒரே ஒரு பொய்யைக் கொண்டு தம் மனைவியை மாடியிலிருந்து கீழே இறக்கினார்.

(இந்த வரியை எழுதும்போது அது இன்னும் நடக்கவில்லை. அதனால் என்ன? கட்டடத்துக்கும் முதலில் வரைபடம், பிறகுதான் செங்கல். ‘நான்’ என்று எழுதினால் வீட்டில் மாட்டிக்கொள்வேன், ஆகவே ‘பொறியாளர்’.)

2.

கதை ஓர் அவதூறில் பிறந்தது. போன மழையில் மனைவி படியில் சறுக்கி விழுந்தார். விழுந்தவர் சொன்ன முதல் வார்த்தை:

“படி ஆடிச்சுங்க.”

யார் போட்ட படி? பதினேழு யானைகள் தும்பிக்கை கோத்து ஏறினாலும் அசையாத படி!*

உடைந்த எலும்பு கூடிவிட்டது. நடக்கலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் மனைவி படியில் கால் வைப்பதாக இல்லை. கீழே சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலி காலியாகத் தெரியக் கூடாதென்று பொறியாளர் அதன்மேல் செய்தித்தாள்களை அடுக்கிவருகிறார்.

* ஐந்து யானைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று. சரி, ஒரு பீரோ.

3.

படியின் அடியில் நின்றுகொண்டு அவர் மாடியிலிருந்த மனைவிக்கு விளக்கினார்.

“இதோ பாரும்மா. நீ கால வச்சா பாரம் படிக்கு. படி அதச் சாய்வு ஸ்லாபுக்குக் குடுக்கும். ஸ்லாப் லேண்டிங் பீமுக்கு, பீம் தூணுக்கு, தூண் அஸ்திவாரத்துக்கு, அது மண்ணுக்கு. ஒருத்தரும் கையில வச்சுக்கறதில்ல.”

“அப்ப என் பாரம் மட்டும் ஏங்க முட்டியிலயே நிக்குது?”

பொறியாளர் பேச்சைக் கம்பிக்குத் திருப்பினார்.

சாய்வு ஸ்லாப், படிகள் திரும்பும் நடுமேடையான லேண்டிங்கோடு சேரும் மூலையில், உள்பக்கமாக ஒரே கம்பியை வளைத்துவிடக் கூடாது. பாரம் வந்தால் கம்பி நிமிரப் பார்க்கும், கான்கிரீட் தெறிக்கும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று கடந்துபோய், ஒன்று மற்றதன் பக்கத்தில் பிடிமானம் தேட வேண்டும். இல்லறமும் அப்படியே...

(இங்கே ஓர் உவமை இருந்தது. மேலிருந்து வந்த உத்தரவுப்படி நீக்கப்பட்டது.)

4.

அடுத்த வரைவை அவர் உரக்க வாசித்தார்: “இந்த லேண்டிங்குக்குக் கான்கிரீட் போட்ட வாரம், முட்டுக்கம்புகளுக்கு நடுவே அவள் முழங்காலிட்டு, ‘என்னைக் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று கண்ணீர் மல்க...”

“பொய்!”

“அச்சுக்குப் போகப்போகுது. தப்புன்னா வந்து அடி. பேனா இங்க இருக்கு.”

“நானா முழங்கால் போட்டேன்? வந்தேன்னா பேனாவ இல்ல, உங்களத்தான் அடிப்பேன்!”

ஒரு கால் இறங்கியது. பொறியாளர் நாலுகால் பாய்ச்சலில் மேலே ஓடினார். (தவழ்ந்தார் என்பது எதிர்த்தரப்பின் கூற்று.) மனைவிக்கு ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி, கையைத் தொடாமல் நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினார். லேண்டிங் வந்ததும் மனைவி கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றார்.

“ஆடுதா?” என்றார் பொறியாளர்.

மனைவி அவருடைய கையையே பார்த்தார்.

“ஆடுறது நீங்கதான்.”

பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

5.

இந்த வரி லேண்டிங்கில் எழுதப்படுகிறது. முடிவு இரண்டு உண்டு. (அ) அவள் மறுபடி மேலே போகிறாள். நாற்காலியில் இன்னொரு செய்தித்தாள் ஏறுகிறது. (ஆ) அவள்

எழுத வரவில்லை. முதல் வரியை அவ்வளவு துணிச்சலாக எழுதிய கை இது.

“குடுங்க பேனாவ.”

“இந்தா, இங்கயே எழுது.”

“இங்க வெளிச்சம் பத்தல. கீழ போய் எழுதுறேன்.”

6.

இனி என் கையெழுத்து. யானை பொய். முழங்கால் பொய், கேட்டது இவர், அதுவும் விக்கிக்கொண்டே. படி ஆடியதா என்பதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

செய்தித்தாள்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் வரி மட்டும் உண்மை. நடந்தது.