தோதோகியாவின் மூக்கு

அபாகூகி கப்பலிலிருந்து இறங்கிவிட்டான் என்று தெரிந்ததும் விலிகேசா செய்த முதல் காரியம், தோதோகியாவைப் பாயில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதுதான்.

வருகிறவன் திருடன் இல்லை, தௌவு முறைக்காரன். இரண்டு பேருடைய தீவுகளுக்கும் பழைய காலத்துத் தெய்வம் ஒன்றே. அந்த உறவில் வருகிறவன் வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம், கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரன் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தால் லெவுக்கா ஊர் முழுக்க அதையே பேசும். போன முறை விலிகேசாவின் புதுச் சட்டை போனது. சட்டை போகட்டும்.

தோதோகியா அப்படியா? எறிதடி, துடுப்புத் தடி, பாம்புத்தலைத் தடி என்று போர்த்தடிகள் அவன் சுவரை நிறைத்திருந்தன. தோதோகியா என்ற இந்த வகைத் தடி ஒன்றுதான் குறையாக இருந்தது. மலையூர்க்காரர் ஒருவர் இதை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். விலிகேசா வழக்கப்படி திமிங்கிலப் பல்லைக் காணிக்கையாக அவர் முன்னால் வைத்து, பணிந்து கேட்டு வாங்கி வந்திருந்தான்.

அபாகூகி மரவள்ளியும் தேங்காய்ப்பால் மீனும் சாப்பிட்டான். லோசலினியின் சமையலைத் தவிர இந்த வீட்டில் உருப்படியாக எதுவும் இல்லை என்று அவள் கணவன் விலிகேசாவிடமே சொன்னான். யங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்தபடி சுவரைப் பார்த்தவன், எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்குச் செய்தது, பூட்ஸ் பாலிஷ் பூசியது என்றான்.

விலிகேசாவால் சும்மா இருக்க முடியவில்லை. எறிதடியை எடுத்து அவன் மூக்கருகே நீட்டினான். பாலிஷ் என்றால் வாடை வரும், எல்லா இடமும் ஒரே கறுப்பாக இருக்கும். பழைய தடியில் கை பிடித்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, அங்கே செதுக்கிய நெளிகோடு பாதி அழிந்திருக்கும். கை படாத கழுத்தில் அதே கோடு கூர்மையாக நிற்கும். இதையெல்லாம் அவன் தடவித் தடவிக் காட்ட, அபாகூகி கொட்டாவி விட்டான்.

"தோதோகியான்னு ஒண்ணு சொல்வாங்களே தௌவு, தாழம்பழம் மாதிரி தலை, நுனியில மூக்கு. அந்த மூக்கு உத்தரத்துல மாட்டி வைக்கத்தானே?"

லோசலினி இருமினாள். கணவனின் முழங்காலைக் கிள்ளியும் பார்த்தாள்.

"மாட்டி வைக்கவா?" என்றான் விலிகேசா.

"பின்ன? அவ்ளோ பெரிய தலை இருக்கறப்ப அந்தக் குட்டி மூக்கு என்ன பண்ணும்? கொசு அடிக்குமா?"

ஓங்கி வீசவே வேண்டாம், மணிக்கட்டைச் சுண்டினால் போதும், தலையின் கனம் முழுவதும் அந்த நுனியில் இறங்கும் என்று விலிகேசா விளக்கினான். அபாகூகி நம்பாமல் தலையாட்டினான். கையில் தடி இல்லாமல் இதை எப்படிக் காட்டுவது? விலிகேசா எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தான்.

உரித்த தேங்காயில் லேசாக ஒரு சுண்டு. ஆணி இறங்கியது போல ஒரே துளை, தண்ணீர் பீறிட்டது.

"இப்பச் சொல்லு. கொசுவா?"

"ஒத்துக்கறேன் தௌவு. நல்லா வெளங்கிடுச்சு." அபாகூகி தடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். "கைக்கும் பாந்தமா இருக்கு. வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அப்போதுதான் விலிகேசாவுக்கு உறைத்தது. சிரித்தான். வயிற்றுவலிக்காரன் சிரிப்பது போல இருந்தது. லோசலினிதான் உண்மையாகவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாலைக் கப்பலுக்கு அபாகூகி கிளம்பினான். தோதோகியாவின் தலையைப் பிடித்து, கைப்பிடியைத் தெருவில் ஊன்றி, ஊன்றுகோலாக்கி நடந்தான். வாசலில் நின்ற விலிகேசாவுக்கு ஒவ்வொரு ஊன்றலும் நெஞ்சில் விழுந்தது. கடைசியில் ஓடிப்போய் மறித்தான்.

"அப்படிப் பிடிக்காத. தோள்ல சாய்க்கணும், தலை பின்னால இருக்கணும்."

அபாகூகி மூக்கு தன் கழுத்தில் குத்தும்படி வைத்துப் பார்த்தான். பொறுக்க மாட்டாமல் விலிகேசா அதைப் பிடுங்கித் தன் தோளில் சாய்த்தான்.

"இப்படி. கனத்தைத் தோள் வாங்கிக்கும், கை சும்மா பிடிச்சாப் போதும்."

"நின்னா புரியல தௌவு. நடந்து காட்டு."

விலிகேசா நடந்தான். கடற்கரைத் தெருக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவன் தடியோடு நெஞ்சை நிமிர்த்தி முன்னால் போக, அபாகூகி வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தான். தோள் கொஞ்சம் இறங்குகிறது என்று அவ்வப்போது திருத்தவும் செய்தான். இப்படியே கப்பலில் ஏறும் பலகை வரைக்கும் விலிகேசா நடந்து காட்டினான்.