மூன்று நாள் புகை

1

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருஷமாகக் கன்சாஸில், மிசூரி ஆற்றின் மேற்குக் கரையில் குடியிருக்கிறேன். சென்ற டிசம்பரில் எதிர்க்கரையில், மிசூரி மாநிலத்து மேட்டில் நின்றபோது என் வீட்டுப் புகைபோக்கி தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தால் என்ன, காரில் ஏறிப் போயிருக்கலாம். இதே மேட்டில் நின்று ஒருவன் தினமும் அக்கரைப் புகையை வேவு பார்த்திருந்தால் என்று தோன்றித் தொலைத்தது. ஆதாரம் கேட்காதீர்கள், எல்லாம் கற்பனைதான்.

முதல் தொடக்கம்: "1855 டிசம்பர். பனி வெள்ளைப் போர்வையாய்…"

சீ, வேண்டாம். போர்வை என்று எழுதுகிறவனுக்குக் குளிரவில்லை என்று அர்த்தம்.

2

ஐசம் ஓர் அடிமை. அவன் முதலாளி ப்ரூயட்டுக்கு கிழக்கே மிசூரி மாநிலக் கரையில் சணல் தோட்டம். கன்சாஸ் அப்போதுதான் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டிருந்த பூமி. நாலு கட்டையைச் சதுரமாகப் போட்டு, ஆள் குடியிருந்தால் நூற்றறுபது ஏக்கருக்கு உரிமை கேட்கலாம். ப்ரூயட்டுக்கு அங்கே போய்க் குளிரில் விறைக்க இஷ்டமில்லை. தனக்குப் பதில் ஐசமை அங்கே ஒரு குடிசையில் குடிவைத்தார்.

"தெனம் காலைல பொக வரணும். வரலைன்னா நானே வந்து பாப்பேன்" என்றார்.

(அந்த நிலத்தை டெலவேர் பழங்குடி மக்களிடமிருந்து பிடுங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு இந்தக் கதையிலும் இடம் கொடுக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.)

ஐசமின் மனைவி மஹாலா ப்ரூயட் வீட்டில் சமையல் செய்கிறவள். அவன் ஓடினால் அவளை விற்றுவிடுவார்கள் என்பதால்தான் அவன் இதுவரை ஓடவில்லை. இப்போது ப்ரூயட்டின் மகன் ஜனவரியில் டெக்சாஸுக்குக் குடிபெயர்கிறான், மஹாலாவையும் கொண்டுபோகிறான். அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் புருஷனோடு இருந்துவர அவளுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் உள்ள வழக்கம் அது. உறைந்த ஆற்றில் நடந்தே வந்துவிட்டாள்.

அடுப்பு மூன்று நாள் புகைந்தால் ப்ரூயட் சந்தேகப்படமாட்டார். அதற்குள் வடக்கே, அடிமைமுறை இல்லாத அயோவாவை நோக்கி வெகுதூரம் போய்விடலாம். ஆனால் யார் புகைய வைப்பது?

3

பக்கத்து நிலத்து ஓபெட் விட்கம். கிழக்கிலிருந்து வந்தவர், அடிமைமுறை ஆகாது என்பவர். முதல் பிரதியில் "நல்ல மனிதர்" என்று எழுதி அடித்தேன். அடுத்து "நயவஞ்சகர்". அதையும் அடித்தேன். பேசவிட்டுப் பார்ப்போம்.

"நான் எரிக்கிறேன். தெனம் காலைல வந்து மூட்டிடறேன். நீங்க கெளம்புங்க" என்றார் விட்கம்.

"பெரிய மனசுங்க ஐயா. எல்லாம் ஓஞ்சப்புறம் நாங்க இந்தப் பக்கமே வந்து குடியிருக்கலாமா?" என்று கேட்டான் ஐசம்.

விட்கம் தாடியைச் சொறிந்தார். "அது முடியாதுப்பா. போன வாரந்தான் ஓட்டுப் போட்டோம். கறுப்பங்க யாருமே இங்க வரக்கூடாதுன்னு. அடிமையாவும் சரி, சுதந்திரமாவும் சரி."

"நீங்களும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப நாங்க போனா இந்த நெலம் யாருக்கு?"

"ஓடைத்தண்ணி இருக்கே. எனக்கு ஆசைதான், பொய் சொல்லமாட்டேன்."

(இங்கேதான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். நிலத்தைத் தன் பேரில் பதிய விட்கம் பதிவு அலுவலகத்துக்குப் போய்வர இரண்டு நாள். போனால் அடுப்பு அணையும். போகாமல் காத்திருந்தால், காலி நிலம் என்று தெரிந்த வேறெவனாவது முந்திக்கொள்வான். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.)

4

"அவன நம்புறியா?" என்றான் ஐசம், விட்கம் போனதும்.

"நம்புறதா? நம்மள உள்ளயே விடக்கூடாதுன்னு ஓட்டுப் போட்டவன எங்க நம்ப? ஆனா மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாள் மஹாலா.

"அடுப்ப அணைய விட்டுட்டான்னா? நாய விட்டுத் தேடுவாங்க மஹாலா."

"டெக்சாஸுக்குப் போனா மட்டும் உன்னைப் பாப்பனா நான்? எந்திரி. ரொட்டியக் கட்டு."

 சோளரொட்டியைக் கட்டினான். விடியும்போது இருவரும் வடக்கே நடந்தார்கள்.

5

முடிவு ஒன்று: விட்கம் மூன்று நாளும் எரிக்கிறார். இவர்கள் தப்புகிறார்கள். எழுதினேன், படித்தேன். விட்கமுக்குச் சிலை வைத்தது போலிருந்தது. கிழித்தேன்.

முடிவு இரண்டு: இரண்டாம் நாள் காலை விட்கம் குதிரையில் சேணம் பூட்டி, "நாளைக்கு ஒரு நாள் மூட்டாட்டி என்ன" என்று… இல்லை, இதையும் முடிக்க மனம் வரவில்லை. 

இரண்டாம் நாள் காலை. பத்து மைல் வடக்கே ஒரு மேடு. ஏறி நின்றால் தெற்கே எல்லாம் தெரியும். ஐசம் ஏறப் போனான். வாசகரே, அவன் ஏறிவிட்டால் நான் சொல்லியாக வேண்டும்.

மஹாலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற?"

"பொக இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்து? இருந்தாலும் நடக்கணும், இல்லாட்டியும் நடக்கணும். மேல ஏறுற தெம்ப கால்ல வெச்சுக்க."

ஐசம் திரும்பிவிட்டான். அவர்கள் போகிறார்கள். மேடு காலியாகத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் ஏறிப் பாருங்கள். நான் வரவில்லை.