பெர்னிஸ் தூக்கிய கால்

வேட்டை தொடங்கிய அக்டோபர் சனிக்கிழமை நண்பகலில், வெண்டல் ஹைனர்ட்டின் வடக்குப் புல்காட்டில், ஓர்லின் லுண்ட்பியின் நாய் பெர்னிஸ் வலது முன்னங்காலைத் தூக்கினாள். அடுத்த அக்டோபர் வரை அதைக் கீழே வைக்கவில்லை. இடையில் இரண்டு பனிப்புயல்களும் ஒரு தேர்தலும் ஓர்லினின் குடல்வால் ஆபரேஷனும் வந்து போயின.

அந்த ஆண்டு தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிகள் குறைந்துபோயின என்பது வெளியூர்ப் பேச்சு. வெஸ்ட்ரம் ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாத விடியற்காலைகளில் சாலையோரமாக வண்டியை உருட்டிக் கோழிகளை எண்ணுகிற வனவிலங்குத் துறைப் பெண், போன ஆண்டில் பாதிகூட இல்லை என்று வானொலியில் அறிவித்தபோது, ஜோலீனின் காபிக் கடையில் இருந்த வேட்டைக்காரர்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். பாவம், தப்பான சாலையில் போயிருக்கிறாள் என்றார்கள். கோழிகள் குறையவில்லை, பரவிக் கிடக்கின்றன என்றார் ஒருவர். பரவவில்லை, புத்திசாலிகளாகிவிட்டன, வேட்டைக்காரர் போடுகிற ஆரஞ்சு மேலங்கியைக் கண்டால் பறக்காமல் நடந்தே போய்விடுகின்றன என்றார் இன்னொருவர். இன்னும் அழுத்திக் கேட்டால் ஆலங்கட்டி மழை, நரிகள், காற்றாலைகள், பக்கத்து மாநிலத்து மின்னசோட்டாக்காரர்கள் என்று வரிசையாகப் பழி விழுந்தது. சோளத்தின்மேல் மட்டும் விழவில்லை. ஏனென்றால் இருந்த புல்லையெல்லாம் உழுது சோளம் போட்டவர்கள்தான் அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் பை நிரம்பாமல் திரும்பியவர்கள் மோசமான பருவம் என்றார்கள். பிறகு ஒற்றைக் கோழியோடு திரும்பியவர்கள் பரவாயில்லை என்றார்கள். அந்த ஆண்டு ஒரு வால் இறகைக் கண்டெடுத்தவர் அதைத் தொப்பியில் செருகிக்கொண்டு, வருகிற பருவம் பிரமாதமாக இருக்கப்போகிறது என்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

ஊரில் உழாமல் மிச்சமிருந்த புல் வெண்டலின் வடக்குத் துண்டு ஒன்றுதான். அதைப் புல்லாகவே விட்டுவைக்க அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் அந்தச் செப்டம்பரில் முடிந்தது. வெண்டல் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மா இறந்தபின் அதே வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய அக்கா மார்லிஸைத்தான் ஓர்லின் கட்டியிருந்தார். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்தே வேட்டைக்குப் போகிறவர்கள். நாயின் பெயரில்தான் சின்னச் சிக்கல். அம்மாவை அடக்கம் செய்த வாரத்தில் ஓர்லின் வீட்டுக்கு ஈரல் நிறப் புள்ளிகளோடு ஒரு குட்டி வந்தது. சாப்பிடுகிறவர் தட்டைக் கண் இமைக்காமல் பார்த்தது. இன்னொரு உருளைக்கிழங்கை எடுக்கக் கை வரவில்லை, அப்படியே என் மாமியார் பார்வை என்றார் ஓர்லின். மார்லிஸ் முதலில் சிரித்து, பிறகு அழுது, மறுநாள் குட்டியை அம்மா பெயரால் பெர்னிஸ் என்று கூப்பிட்டாள். ஆறு வருடமாக வெண்டல் வாயில் அது வெறும் ‘நாய்’தான்.

அந்தச் சனிக்கிழமை, இதுதான் கடைசி, வசந்தத்தில் உழப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் வெண்டல் புல்லுக்குள் இறங்கினார். ஓர்லின் பதில் சொல்வதற்குள் பெர்னிஸ் நின்றாள். கால் மடங்கியது, வால் கம்பியாக நீண்டது, மூக்கு ஒரு புல்கொத்தை நோக்கி நின்றது. அங்கே கோழி இருக்கிறது என்பதற்கு அவள் இனத்தார் சொல்லும் முறை அது. இருவரும் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தார்கள். ஓர்லின் முன்னால் போய்ப் புல்லை உதைத்தார். ஒரு வெட்டுக்கிளி பறந்தது.

“உன் நாய் பொய் சொல்லுது” என்றார் வெண்டல்.

“பெர்னிஸ் பொறந்ததுலேர்ந்து பொய் சொன்னதில்ல.”

“அந்தப் பேருக்காரங்க நெறைய சொல்லிருக்காங்கப்பா. நான் அவங்க பெத்த புள்ள, எனக்குத் தெரியும்.”

கூப்பிட்டார்கள், வரவில்லை. விசில் அடித்தார்கள், காது மட்டும் அசைந்தது. தூக்கிப் பார்த்தார்கள். கோதுமை மூட்டையை ஒற்றைக் கையால் எறிகிற ஊர் ஆட்கள் நாலு பேர் வந்து சேர்ந்தும் அவளைப் புல்லிலிருந்து ஒரு விரற்கடை பெயர்க்க முடியவில்லை. இழுத்தவர்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மார்லிஸ் மாட்டிறைச்சி உருளைக்கிழங்குக் குழம்பைக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினாள். பெர்னிஸ் புல்கொத்திலிருந்து கண்ணை எடுக்காமலே முழுதும் சாப்பிட்டாள். கால்நடை மருத்துவர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, பல்லில் மட்டும் கொஞ்சம் காரை என்றார். பாதிரியார் ஞாயிறு பிரார்த்தனையில் ஒரு இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கும் மழைக்கும் நடுவே அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

பனி விழ ஆரம்பித்ததும் ஓர்லின் உறைந்த ஏரியில் மீன் பிடிக்க வைத்திருந்த மரக்குடிலை டிரக்கில் கட்டி இழுத்துவந்து, அடுப்போடு அவள் பக்கத்தில் நிறுத்தினார். அவள்மேல் பனி விழவில்லை. தேவாலயத்தில் சண்டைக்காரரைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள்போல, வருகிற பனித்துகள் கடைசி நேரத்தில் விலகி அப்பால் இறங்கியது. அவளைச் சுற்றி ஒரு மேசை அகலத்துக்குப் புல் பச்சையாகவே இருந்தது. டெக்சஸிலிருந்தும் மினியாபொலிஸிலிருந்தும் வேட்டைக்கு வந்து வெறுங்கையோடு திரிந்தவர்கள் சேதி கேட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வேறெங்கும் கோழி இல்லை, இங்கேயாவது ஒன்று இருப்பதாக ஒரு நாய் சொல்கிறதே! பெர்னிஸைச் சுற்றி வட்டமாக நின்று, துப்பாக்கியைத் தயாராகப் பிடித்து, முறைவைத்துக் காத்தார்கள். ஜோலீன் கடைக்கு ஆள் வரத்து நின்றுபோனதால் அவளே காபிக் கொதிகலனை வயலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வனவிலங்குத் துறைப் பெண்ணும் வந்து பார்த்தாள். நாய்க்கு மட்டும் தெரிகிற கோழியைக் கணக்கில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். அரசாங்கத்தின் கோளாறே இதுதான் என்று வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஜனவரியில் பருவம் முடிந்தபோது ஒரு தோட்டாகூட வெடித்திருக்கவில்லை. பல வருடங்களில் இதுதான் சிறந்த பருவம் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் குறி தவறவில்லையே!

வெண்டல் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. ஏப்ரல் கடைசியில், மண் காய்ந்ததும், டிராக்டரோடுதான் வந்தார். ஓரத்திலிருந்து உழுதுகொண்டே உள்ளே வந்தார். கறுப்பு மண் புல்லை மூடிக்கொண்டே நெருங்கியது. ஓர்லின் குடிலிலிருந்து வெளியே வந்து நின்றார். ஆபரேஷன் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மார்லிஸ் மடக்கு நாற்காலியை நாயின் முன்னால் விரித்துப் போட்டு, மடியில் பீச் பழம் வைத்துச் சுட்ட கூக்கன் கேக் தட்டோடு உட்கார்ந்தாள். டிராக்டர் அவள் முழங்காலுக்கு எதிரே வந்து நின்றது.

“நகரு மார்லிஸ். நெலம் என்னுது.”

“நெலம் உன்னுதுதான்டா. நாய் எங்களுது. அவ நிக்கற எடத்துல நான் உக்காருவேன்.”

“வருஷத்துல பாதி வெறும் புல்ல மொறச்சுக்கிட்டு நிக்குது. ஊரே சிரிக்குது!”

“ஊரா சிரிக்குது? ஊரு சாண்ட்விச் கட்டிட்டு வந்து உக்காந்திருந்துச்சு. நீ ஒருத்தன்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு வீட்டுல இருந்த.”

வெண்டல் இஞ்சினை அணைத்தார். “சுத்தி எல்லாரும் உழுதுட்டாங்க. நான் மட்டும் களை வளத்துட்டு நிக்கணுமா? விதைக்கடைக்காரன் என்னப் பாத்து, ஒடம்புக்கு ஏதும் முடியலயா வெண்டல்னு கேக்கறான்.”

“உழுதுக்கப்பா, வேணாங்கல” என்றார் ஓர்லின். “அவ முடிக்கட்டும், அப்புறம் உழுதுக்க.”

“எத முடிக்கணும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? அவதான சொல்லணும்.”

வெண்டல் இறங்கிவந்தார். அக்காவைச் சுற்றிக்கொண்டு போய், நாயைத் தானே தூக்கி அப்பால் வைத்துவிடுவதென்று அதன் வயிற்றுக்கடியில் இரு கையையும் கொடுத்தார். அசையவில்லை. மூச்சு வாங்க அப்படியே முட்டிபோட்டவருக்கு, முகம் நாயின் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. அது பார்க்கிற திசையில் அவரும் பார்த்தார். புல்கொத்தின் அடியில், சூப்புக் கிண்ணம் அளவுக்கு ஒரு பள்ளம். உள்ளே ஒன்றுமில்லை. கையை வைத்தார். தரையில் இன்னும் குளிர் விட்டிருக்கவில்லை. பள்ளம் மட்டும், அப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கைபோலக் கதகதப்பாக இருந்தது.

அவர் கையை எடுக்க வெகுநேரம் ஆனது.

“பெர்னிஸ்” என்றார். மார்லிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “பெர்னிஸ், யாருக்கு எடம் புடிச்சு வச்சிருக்க?”

வெண்டல் திரும்பாமலே அக்காவிடம் பேசினார்.

“என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீ. அம்மா பேர வைக்கறதுக்கு முன்னாடி.”

“கேட்டிருந்தா வேணாம்னிருப்ப.”

“வைன்னுதான் சொல்லிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்.”

மார்லிஸ் கூக்கனில் பெரிய துண்டாக வெட்டித் தம்பியிடம் நீட்டினாள். அவர் முட்டிபோட்டபடியே தின்றார். தின்று முடித்து, டிராக்டரின் கலப்பையை மேலே தூக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போனார். ஒரு நாயைச் சுற்றிச் சுற்றி உழுதால் டீசல்தான் வீண், அதனால் மொத்தத் துண்டையும் விட்டுவிட்டேன் என்று மறுநாள் காபிக் கடையில் சொன்னார். யாரும் வேறு காரணம் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு காலையில், தவிட்டு நிறப் பெட்டைக் கோழி ஒன்று எங்கிருந்தோ நடந்துவந்து, பெர்னிஸின் தூக்கிய காலுக்குக் கீழே குனிந்து நுழைந்து, அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. வாங்கிவைத்த நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தது என்றாள் மார்லிஸ். ஆலிவ் நிற முட்டைகள் இட்டது. ஜூனில் ஆலங்கட்டி கொட்டி ஊர்ச் சோளத்தையெல்லாம் கிழித்துப் போட்டபோது, பனியைப்போலவே கட்டிகளும் பெர்னிஸைக் கண்டு ஒதுங்கி அப்பால் விழுந்தன. குஞ்சுகள் பொரிந்து அவள் காலிடுக்கில் ஓடி விளையாடின. மூக்குக்கு நேரே இரை ஓடியும் அவள் அசையவில்லை. பறக்காத கோழியை அவள் இனம் தொடாது. வேலி பார்க்கப் போகிறேன் என்று வெண்டல் தினமும் சாயங்காலம் அங்கே வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வேலியே கிடையாது. ஓர்லினுக்கும் அது தெரியும். அவர் குடிலில் இரண்டாவது கோப்பை வைத்திருந்தார்.

அக்டோபரில் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை, ஊரார் எல்லோரும் தள்ளி நின்றுகொள்ள, ஓர்லினும் வெண்டலும் மட்டும் போய் அவளுக்கு இருபுறமும் நின்றார்கள். இனி சுடலாம் என்று நண்பகல் சங்கு ஊதியது. புல்கொத்து வெடித்ததுபோல ஒரு சேவல் கொக்கரித்தபடி மேலே கிளம்பியது. கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு நிற நெஞ்சு, பின்னால் முழ நீள வால். இரண்டு துப்பாக்கிகளும் வெடித்தன. சேவல் அவசரமே இல்லாமல் பறந்து ஆற்றோர மரங்களுக்கு அப்பால் போனது.

“சூரியன் கண்ணுல பட்டுச்சு” என்றார் ஓர்லின்.

“வானம் மூடிக் கெடக்குதேப்பா.”

“நீ மட்டும் எங்க சுட்ட?”

“எனக்கு நீ குறுக்க நின்ன.”

பெர்னிஸ் காலைக் கீழே வைத்தாள். இருவரையும் மாறி மாறி, இமைக்காமல் பார்த்தாள். இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். பிறகு அவள் வீட்டுக்கு நடந்துபோய், ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாள் விருந்து வாசனை வரும்வரை தூங்கினாள். வனவிலங்குத் துறைப் பெண் அந்த ஆண்டும் கோழிகள் குறைவுதான் என்று அறிவித்திருந்தாள். போன ஆண்டு ஒன்றும் பறக்கவில்லை, இந்த ஆண்டு ஒன்று பறந்தது, இதைக் குறைவு என்பவளுக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்று காபிக் கடையில் கேட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில், ஈஸ்டர் விருந்துக்கு ஓர்லினும் மார்லிஸும் வெண்டல் வீட்டுக்குப் போனார்கள். பன்றித் தொடை மேசைக்கு வருவதற்குள் வெளியே நாயின் சத்தம் அடங்கியதைக் கவனித்து மூவரும் ஜன்னலுக்குப் போனார்கள். வெண்டல் சனிக்கிழமைதோறும் மட்டம் பார்த்து வெட்டுகிற முன்புறப் புல்தரையின் நடுவில் பெர்னிஸ் நின்றிருந்தாள். இந்த முறை இடது கால். மார்லிஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் துடைதுணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போய், புல்வெட்டும் இயந்திரத்தைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“சாப்ட்டதும் அந்த மீன் குடில இழுத்துட்டு வந்துரு ஓர்லின்” என்றார் திரும்பி வந்து. “சமையக்கட்டு ஜன்னல மறைக்காமப் போடு. நானும் பாக்கணும்.”

இப்போது அங்கே புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தபால் பெட்டியும் அதற்குள் போய்விட்டது. தபால்காரப் பெண் சாலையோரம் வண்டியை நிறுத்தி, வெண்டல் என்று குரல் கொடுக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு தபாலை வாங்கிக்கொள்கிறது. சில நாள் அந்தக் கை ஒரு துண்டு கூக்கனை அவளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறது.