பேண்டேஜ் கத்தரி

கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார் ஸ்ரீமதி மேடம். சென்னையிலிருந்து வந்தவர், மனக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர். குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் பேசினார். சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் தீக்காயம் பார்க்கிறவர்கள். நர்சுகள், ஆம்புலன்ஸ்காரர்கள், பிணவறை ஊழியர்கூட ஒருவர் வந்திருந்தார். வலது கையை இடது தோளிலும் இடது கையை வலது தோளிலும் வைத்து, பட்டாம்பூச்சி சிறகடிக்கிற மாதிரி மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ள வேண்டுமாம். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மீசை நரைத்த ஆம்புலன்ஸ் டிரைவர்கள் பயபக்தியோடு தங்கள் தோளைத் தாங்களே தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கிற நர்ஸ் பொன்மணி வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். நைட் டூட்டி முடித்து நேரே பஸ் ஏறி வந்தவள். பாதுகாப்பான இடத்துக்கு எங்களில் முதலில் போய்ச் சேர்ந்தது அவள்தான்.

மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். "சேவைக் கரங்களுக்கு ஓர் ஆறுதல்" என்று மேலே. அதைவிடப் பெரிய எழுத்தில், கீழே, முகாமின் செலவை ஏற்றுக்கொண்டவரின் பெயர்: லட்சுமிகாந்தம். பட்டாசு முதலாளி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருக்கு யூனிட் இருக்கிறது. அங்கே வெந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் மனது புண்ணாகிவிட்டதாம், அதற்கு அவரே மருந்து போடுகிறாராம். இந்தப் பேனரை எழுதியவன், அச்சடித்தவன், ஏணி போட்டுக் கட்டியவன், ஒருத்தனுக்குமா சிரிப்பு வரவில்லை என்று யோசித்துக்கொண்டே நானும் தோளைத் தட்டினேன்.

ஒவ்வொருவரிடமும் அவரவர் இடத்தைக் கேட்டார் மேடம். ஒருத்தி இருக்கன்குடிக் கோவில் என்றாள். கடற்கரை, மலை என்று சிலர் சினிமாவில் பார்த்ததைச் சொன்னார்கள். பொன்மணியைத் தொட்டு எழுப்பினேன்.

"எக்ஸ்ரே ரூம் மேடம்" என்றாள் அவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "கரண்ட் போச்சுன்னா அங்கன ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாக."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், பிறகு அதற்குள் ஏதோ ஆழமான பொருள் இருப்பதுபோலத் தலையை ஆட்டினார். என் முறை வந்தபோது, "கண் வார்டு" என்றேன். அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. கண் வார்டுக்கு நோயாளிகள் நடந்து வருவார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போவார்கள். அங்கே மாற்றச் சொல்லி மேட்ரன் அருணாதேவியிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "மொதல்ல இந்த முகாமுக்குப் போயிட்டு வா யோகலட்சுமி. அந்த மேடம் என்ன சொல்றாகளோ, அதுப்படி செய்வோம்" என்று சொல்லியிருந்தார். பழுதான மோட்டாரைப் பட்டறைக்கு அனுப்புகிற மாதிரிதான் என்னை அனுப்பியிருந்தார்கள். ஓடினால் பழைய இடத்திலேயே மாட்டுவார்கள். ஓடாது என்று மேடம் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கண் வார்டு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்றைக்குப் பட்டாம்பூச்சியாக இருந்தேன்.

பழுது என் வலது கையில். கத்தரியை எடுத்தால் நடுங்குகிறது. தீக்காயத்தோடு ஒரு பெண் வந்தால், நாங்கள் முதலில் செய்வது அவள் உடம்பில் இறுக்குகிற எல்லாவற்றையும் எடுப்பது. வளையல், மெட்டி, மோதிரம், தாலி. கொஞ்ச நேரத்தில் உடம்பு வீங்கிவிடும், வீங்கினால் கயிறு கழுத்தை அறுக்கும். கழற்ற நேரமிருக்காது, வெட்டத்தான் வேண்டும். வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள், பெண்ணை விட்டுவிட்டு, தாலியை வெட்டாதே என்று என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். தாலியறுக்கிற சிஸ்டர் என்று எனக்குப் பெயரே உண்டு. நான் அதைச் சட்டை செய்ததில்லை. அறிவுகெட்ட ஜனங்கள், எதையாவது சொல்லிக்கொள்ளட்டும் என்று பல வருஷம் வெட்டினேன்.

போன தீபாவளி சீசனில் பாலம்மாளைக் கொண்டுவந்தார்கள். லட்சுமிகாந்தத்தின் யூனிட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை பார்த்தவர்கள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதைப்போல இரண்டு பங்கு ஆட்களை அடைத்து லோடு ஏற்றும் அவசரத்தில் வேலை வாங்கியிருக்கிறார்கள். புருஷன் அங்கேயே முடிந்துவிட்டான் என்று ஆம்புலன்ஸ்காரர் என் காதில் சொல்லிவிட்டுத்தான் அவளை இறக்கினார். பாலம்மாளுக்கு அது தெரியாது. நான் கத்தரியை எடுத்ததும், வெந்த கையால் தாலியைப் பொத்திக்கொண்டு, "அவுக நல்லாத்தான இருக்காக? பெறகு எதுக்கு வெட்டுதீக?" என்று கேட்டாள். அவள் கையை விலக்கி வெட்டினேன்.

அவள் பிழைத்தாள். விஷயம் தெரிந்தபிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீங்க கயித்த வெட்டுன நேரத்துக்குத்தான் அவுக உசுரு போயிருக்கு." நீ வருவதற்கு முன்னாலேயே போய்விட்டான் என்று எடுத்துச் சொன்னேன். "அப்படித்தான் சொல்லுவீக" என்றாள். அதற்குப் பிறகு சண்டையில்லை, சாபமில்லை. வீட்டுக்குப் போனபின்னும் திங்கள்கிழமை தோறும் கட்டு மாற்ற வருவாள். என் கத்தரியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார்கள். அதற்கு ஒதுக்கியிருந்தது மணமகள் அறை. ஆளுயரக் கண்ணாடியில் யார் யாரோ கல்யாணப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். மூலையில் காய்ந்த மல்லிகைப்பூ. தாலி வெட்டுகிறவளுக்கு நல்ல அறையாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

மேடம் தன் விரலை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் ஆட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். "அந்த நிமிஷத்துக்குப் போங்க. உடம்புல எங்க அதை உணர்றீங்க?"

"கையிலதான். கை நடுங்குதுன்னுதான வந்திருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. அவர் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை. விரல் போய் வந்துகொண்டே இருந்தது.

"அந்த அம்மா இப்ப உங்க முன்னால உட்கார்ந்திருக்காங்கன்னு வச்சுக்குங்க. என்ன சொல்லுவீங்க?"

'என்னை மன்னித்துவிடு' என்று சொல்லி ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் மேடத்துக்குத் திருப்தியாக இருக்கும், கண் வார்டும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"என்னைய ஏன் பாக்கே? வீங்கிச் சாகாம இருக்கக் கயித்த வெட்டுனவள இம்புட்டு நாளா மொறைக்கியே, உங்க ரெண்டு பேரையும் அந்த ரூமுக்குள்ள அடைச்சு வேலை வாங்கினவன ஒரு நாளாவது மொறைச்சுப் பாத்தியாடீ?"

கதவுக்கு வெளியே பேச்சுச் சத்தம் நின்றது. அவ்வளவு உரக்கக் கத்தியிருக்கிறேன். அழுகையும் வந்துவிட்டது, நிஜ அழுகை. கண்ணாடியில் என் முகத்தின்மேல் அந்தப் பொட்டுகள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் இருந்து என்னவோ இறங்கிப் போனது உண்மை, இல்லையென்று சொல்லமாட்டேன். மேடம் தண்ணீர் கொடுத்தார். கோபம் வெளியே வந்தது ரொம்ப நல்லது என்றார். யார் அந்த ஆள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். பெயர் மேடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை.

"நீங்க கொஞ்ச காலம் அந்த வார்டுல இல்லாம இருக்கிறதுதான் நல்லது. உங்க மேட்ரன்கிட்ட நானே சொல்றேன்" என்றார்.

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. வெளியே வந்து பொன்மணியிடம் சொன்னேன். "கண் வார்டுக்குப் போனா எனக்கும் ஒரு எடம் போட்டு வைங்கக்கா" என்றாள்.

சாயங்காலம் லட்சுமிகாந்தம் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, யாரைப் பார்த்தாலும் கும்பிடு. மைக்கைப் பிடித்து, "நீங்கள்லாம் நடமாடுற தெய்வங்க" என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடித்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனுஷன் மனதாரச் சொன்னார். விபத்து நடந்த அறைகளை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்ததால் அவர்மேல் கேஸ் நிற்கவில்லை, மனசாட்சியும் அதைப்போலவே நிற்கவில்லை போலிருக்கிறது. பேசி முடித்துவிட்டு, "வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்ல" என்று கையைக் காட்டினார். ஆட்கள் பெரிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். உள்ளே எங்களுக்குப் பரிசு. பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்.

தீக்காயத்தைப் பார்த்து நொந்துபோனவர்களுக்குப் பட்டாசு! இந்த ஊரைத் தவிர வேறெங்கும் ஒருத்தனுக்கு இது தோன்றாது. இங்கே கல்யாணத்துக்கும் இதுதான், ஆபீசருக்கும் இதுதான், வாத்தியாருக்கும் இதுதான். அதைவிடக் கேவலம், யாரும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே என்னென்ன அயிட்டம் இருக்கும் என்று எனக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

பெட்டியைச் சுற்றி இறுக்கியிருந்த பிளாஸ்டிக் பட்டை பிய்க்க வரவில்லை. "கத்தரி இருக்கா தாயி?" என்று லட்சுமிகாந்தம் என்னைப் பார்த்துக் கேட்டார். முன்வரிசையில் இருந்தது நான்தான். என் கைப்பையில் எப்போதும் பேண்டேஜ் கத்தரி கிடக்கும். எடுத்தேன். மேடையேறினேன். பட்டைக்கு அடியில் அதன் மழுங்கிய நுனியை நுழைத்து வெட்டினேன். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் வெட்டி முடித்தபிறகுதான் கவனித்தேன், கை கல்லுமாதிரி நின்றது.

கவனித்தது நான் மட்டுமில்லை. "பாத்தீங்களா!" என்று ஸ்ரீமதி மேடம் எழுந்தே நின்றுவிட்டார். என் தோளில் கை போட்டு மைக்கில் சொன்னார்: "இவங்க காலையில வரும்போது கத்தரி பிடிக்க முடியாத நிலைமையில வந்தாங்க. ஒரே ஒரு அமர்வுதான்!" கைதட்டல். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மணமகள் அறையில் எனக்குச் சொன்ன வார்த்தை அந்தச் சந்தோஷத்தில் காணாமலே போய்விட்டது. கீழே, சாயங்கால விழாவுக்கு வந்திருந்த மேட்ரன் அருணாதேவியும் தட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும், "திங்கக்கிழமை டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்துரு யோகு, ஆளில்லாம தவிக்கோம்" என்றார். லட்சுமிகாந்தம் ஒரு பாக்ஸை என் கையில் வைத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். கும்பிட்டு, "நன்றி அண்ணாச்சி" என்றும் சொன்னேன். அந்த நாளில் மற்ற எல்லோர்மேலும் வந்த இளக்காரம் அத்தனையையும் கூட்டினாலும் அந்த நன்றியின்மேல் எனக்கு வந்ததற்கு ஈடாகாது.

திங்கள்கிழமை பாலம்மாள் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விலக்கினாள். தோளிலிருந்து கழுத்துவரை கட்டு. நான் கத்தரியை எடுத்தேன். அவள் பார்த்தாள். விரல் நுனியில் தொடங்கி, மணிக்கட்டுவரை பழையபடி நடுக்கம் ஏறியது. வெட்டாமல் நின்றேன்.

"உங்க மொதலாளியப் பாத்தேன்" என்றேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

"லட்சுமிகாந்தம் அண்ணாச்சியவா? நல்லா இருக்காகளா?"

"அவருக்கென்ன. எங்களுக்கெல்லாம் பட்டாசுப் பெட்டி குடுத்தாரு."

"எங்களுக்குந்தான் குடுத்தாக" என்றாள் பாலம்மாள். "தீவாளிக்கு வீட்டுக்கே ஆள விட்டுக் குடுத்தாக. பிள்ளைக வெடிச்சாங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. மணமகள் அறையில் கத்தியதை இங்கே கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அவர்கிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டியா பாலம்மா? எம் புருசன் ஏன் செத்தான்னு? கேக்கல. என்கிட்ட மட்டும் கேக்கே. நான் என்ன செஞ்சேன் உனக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முறைப்பு இல்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

"அவுகள நான் எங்கன போய்ப் பாப்பேன் சிஸ்டர்? அவுக வாசல்ல கால் வைக்க முடியுமா நான்? அன்னைக்கி என் கிட்ட இருந்தது நீங்கதான."

அவள் மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். கருத்துச் சுருங்கிய தோலுக்கு நடுவே, அன்றைக்குக் கயிறு கிடந்த இடம் மட்டும் வேகாமல், மெலிதாக, வெளுப்பாக ஒரு கோடு கழுத்தைச் சுற்றி ஓடியது. அது கட்டுக்குள் போய் மறைகிற இடத்தில்தான் நான் வெட்டத் தொடங்க வேண்டும். கத்தரியின் நுனி துணியில் பதியாமல் ஆடியது. பாலம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு, நிமிராத தன் விரல்களால் கட்டின் ஓரத்தைப் பற்றி, எனக்குத் தோதாக விறைப்பாய் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.