நம்ம பணமாகவே வந்தது

என் அப்பாவுக்கு இந்த உலகத்தில் ஆகாத ஆள் ஒரே ஒருவன்தான், பேங்க்காரன். இதில் வேடிக்கை என்னவென்றால் வாழ்நாள் முழுக்க அவரே பேங்கில் கேஷியராக இருந்தவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணிக் கொடுத்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளே கட்சி மாறிவிட்டார். "உள்ள இருந்து பாத்தவன் சொல்றேன், அவனுங்க கைவைக்காத பணமே கிடையாது" என்பார்.

நான் பம்பு வரைகிறவள். தண்ணீர் இறைக்கும் பம்பைக் கழற்றிப் போட்டால் எந்தத் திருகு எங்கே போகும், எந்த வாஷருக்கு மேல் எந்த வாஷர் என்று கையேட்டில் ஒரு படம் இருக்குமே, யாரும் பார்க்காமல் தூக்கிப் போடும் படம், அதுதான் என் பிழைப்பு. முன்பு ஒரு ஆபீசில் வரைந்துகொண்டிருந்தேன். அங்கே மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவார். பாத்ரூம் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார். சீ என்றாகி, ஒரு வெளிநாட்டுப் பம்பு கம்பெனிக்கு நேரடியாக வரைந்து தர ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேஜை. நானே முதலாளி, நானே வேலைக்காரி.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார். வந்தவர் சோபாவில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடுங்கப்பா என்றால் சாப்பிடுவார், படுங்கப்பா என்றால் படுப்பார். எனக்குப் பயமாகிவிட்டது. ஒருநாள் எரிச்சலில், "சும்மாதானே இருக்கீங்க, இந்த பில்லையாவது போட்டுக் குடுங்களேன்" என்று கம்ப்யூட்டரை அவர் பக்கம் தள்ளினேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பில் போடும் நாளில் வீடே பேங்காகிவிடும். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. டாலரில் தொகை, அன்றைய மாற்று விகிதம், விற்பனை வரி என்ற கட்டத்தில் சைபர். வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கு வரி கிடையாது என்று ஆடிட்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தச் சைபரை அப்பா ஏதோ தானே பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பார். வரித்துறையில் என் கணக்கைப் பார்க்கும் பொறுப்பாளர் என்று அவர் பெயரையே பதிந்து வைத்தேன். அதை அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் டாலர் வந்து நம் பணமாக மாறும்போது பேங்க் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு வயிறு எரிந்தது. "கொள்ளைக்காரப் பசங்க! உன் ராத்திரி தூக்கம்மா இது!" என்று குதித்தார். கடைசியில் என்னைக் கேட்காமலே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டார். உங்களுக்கு எங்கள் ஊரில் கிளை இருக்கிறதே, அங்கிருந்தே எங்கள் பணமாகத் தந்துவிடலாமே என்று. அவர்களும் தங்கமான மனிதர்கள், தாராளமாகச் செய்கிறோம் என்றார்கள்.

"பாத்தியா, நம்ம பணமாவே வந்துருச்சு! ஒரு பைசா குறையல!" என்று கைதட்டிச் சிரித்தார் அப்பா. அம்மா போனதற்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அன்றுதான். நானும் சேர்ந்து பல்லைக் காட்டினேன். வருஷம் முழுக்க அப்படியே வந்தது.

பிறகு வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் ஆடிட்டருக்குப் 'பாக்கலாம்' என்று பெயர் வைத்திருந்தோம். வீடு தீப்பிடித்தது என்றாலும் பாக்கலாம் என்பார். நோட்டீசைப் படித்தவர் அன்று அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

"வெளிநாட்டுக்கு வேலை செஞ்சா மட்டும் பத்தாதும்மா. பணமும் வெளிநாட்டுப் பணமா வந்து சேரணும். அப்பதான் வரி சைபர். இங்க இருக்கிற கிளையிலேர்ந்து நம்ம பணமா வாங்கினா, நீங்க இங்கேயே வித்த மாதிரி ஆயிடும். வருஷம் முழுக்க வாங்கினதுக்கு வரி கட்டணும்."

"வாங்காத வரிய நான் எங்கேர்ந்து சார் கட்டுவேன்? அந்தக் கம்பெனிகிட்ட கேக்க முடியாதா?"

"அவங்க அந்த வருஷக் கணக்கை முடிச்சுட்டாங்களாம். நான் கேட்டுப் பாத்துட்டேன்."

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அந்தப் பூசணிக்காய் எங்கள் வீட்டு வாசல் வழியாக உருண்டு போயிருக்கிறது. அப்பா அதற்குக் கதவைத் திறந்துவிட்டு, கைதட்டி வழியனுப்பியிருக்கிறார்.

வரியைத் தவணையில் கட்டிவிடலாம், கஷ்டப்பட்டால் முடியும் என்றார் ஆடிட்டர். ஆபத்து அபராதத்தில்தான் இருந்தது. விதி தெரியாமல் செய்திருந்தால் அபராதம் இல்லை. தெரிந்தே செய்திருந்தால் வரிக்குச் சமமாக இன்னொரு மடங்கு, அதுவும் தவணை கிடையாது, உடனே. அப்படி ஆனால் என் கம்ப்யூட்டர், மேஜை எல்லாவற்றையும் விற்றாலும் பத்தாது. பழைய ஆபீசுக்கே போய் நின்று, முன்பணம் கேட்டு, அந்த மூச்சை மறுபடி தோளில் வாங்க வேண்டியதுதான். கணக்கின் பொறுப்பாளர் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பொறுப்பாளர் யார்? என் அப்பா.

அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது நான் கத்தவில்லை. சத்தியமாகக் கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அப்பா, நீங்க ஒண்ணும் விளக்க வேணாம். விதி எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க, போதும்."

"ம்."

"ஒரே வார்த்தை. தெரியாது."

"நான் என்ன குழந்தையா? புரியுது" என்றார்.

வரி அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார். அப்பா தேய்த்த சட்டை போட்டிருந்தார், பேனா குத்தியிருந்தார். எங்கள் எண் வந்ததும் எழுந்து, கவுன்ட்டர் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, அவரைப் போல ஒரு நல்ல மனுஷியை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. அப்பாவை உட்காரச் சொல்லி நாற்காலி போடச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார்.

"ஐயா, பணத்தை நம்ம பணமா வாங்கினா வரி வரும்ங்கிற விதி உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே?" என்று கேட்டார். பதிலையும் சேர்த்தே ஊட்டிவிட்ட மாதிரிதான். விழுங்கினால் போதும்.

அப்பா தொண்டையைச் செருமினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியாம இருக்குமாம்மா? நான் பேங்க்ல கேஷியரா இருந்தவன்."

அவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினேன். "இல்ல மேடம், அவருக்குத் தெரியாது! எங்க யாருக்கும் தெரியாது!"

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா. ஐயா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. விதி தெரியுமா, தெரியாதா?"

"அப்பா!"

"தெரியும்" என்றார் அப்பா. கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பணம் சம்பந்தப்பட்ட எந்த விதியும் எனக்குத் தெரியும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்காக ஒரு பரிதாபம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு பொத்தானை அழுத்தினார். மெஷின் அபராதத் தாளைத் துப்பியது.

"மாத்த முடியாதா மேடம்? வயசானவர், ஏதோ வீம்புக்குச் சொல்றார்."

"பதிவாயிடுச்சும்மா. மேல்முறையீடு பண்ணலாம். ஆனா முழுசா கட்டினதுக்கு அப்புறம்தான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியது, கெட்டது நான். படிக்கட்டில் அவரை விட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கினேன். அங்கே வாயைத் திறந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. வாசலில் நின்று பழைய மேனேஜருக்குப் போன் போட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். முன்பணம் தரலாம், ஆனால் வெளி வேலை எதுவும் பார்க்கக்கூடாது, பம்பு கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து சேர் என்றார். சரி சார் என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை அவருக்குக் காட்டிவிடக் கூடாது என்று போனை வைத்தேன்.

அப்பா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"ஏன்ப்பா?" என்றேன். "வீட்டுலேர்ந்து சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேனே! ஒரே வார்த்தை! ஏன்ப்பா இப்படி என் தலையில மண்ணை வாரிப் போட்டீங்க? உங்களுக்கு அந்த விதி நிஜமா தெரியுமா?"

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்பா தெருவில் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாதும்மா" என்றார். "சத்தியமா தெரியாது."

"அப்புறம்?"

"தெரியாதுன்னு சொல்லிட்டா, இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலன்னு நீ பில்லை வேற யார்கிட்டயாவது குடுத்துடுவியோன்னு..." முடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். "குடுத்துட மாட்ட இல்ல?"

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அது இருந்திருந்தாலாவது பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

"மாட்டேன்ப்பா" என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது. "அடுத்த பில்லை டாலர்லயே வாங்கிடலாம். பேங்க்காரன் கிள்ளினா கிள்ளிட்டுப் போறான்" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். அடுத்த பில் என்று ஒன்று இல்லை என்பதை நான் திங்கட்கிழமைக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும்.