வாங்க பிரதர்

மேசைகளைத் துடைத்துக்கொண்டே வந்த டெய்லர் சிஸ்டரின் கை, ஜன்னலோரத்துக் கடைசி மேசையில் அப்படியே நின்றுவிட்டது. காலியான சூப் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டின் ஓரம் மட்டும் கிடந்தது. பிய்த்துப் போட்டதல்ல. நான்கு பக்கமும் எங்கேயும் அறுந்துவிடாமல், உள்ளே இருந்த வெள்ளையை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு, பழுப்பு விளிம்பை ஒரே சுற்றாக, வளையல் மாதிரி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார் யாரோ.

யாரோ என்ன யாரோ. ரொட்டியை இப்படி உரிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவன்தான். சின்ன வயதில் அவளுடைய அண்ணன் நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தை முழுசாகக் கழற்றி எடுப்பான். "இந்தா, உனக்கு வளையல்" என்று அவள் மணிக்கட்டில் மாட்டிவிடுவான். அவள் கையை ஆட்டி ஆட்டி வீடு முழுக்கக் காட்டிவிட்டு, அப்புறம்தான் கடிப்பாள்.

துடைக்கிற துணியை அங்கேயே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. சூப் குடித்த கூட்டம் தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கி, நாலா பக்கமும் கலைந்து போய்க்கொண்டிருந்தது. எல்லா முதுகும் ஒரே முதுகாகத் தெரிந்தது.

பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த வேன் டிரைவர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான். "என்ன சிஸ்டர், செருப்புகூட இல்லாம? பல்லு கிட்டிக்கிற குளிரு."

"ஜன்னலோரம் ஒருத்தர் உக்காந்திருந்தாரே, எப்படி இருந்தாரு?"

"எப்படின்னா? தொப்பி, மப்ளர், நடுவுல ஒரு மூக்கு. இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான இருக்காங்க. எந்த மூக்குன்னு நான் அடையாளம் சொல்றது?"

அவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் சூப் ஊற்றியவளே அவள்தான். அந்த ஆளுக்கும் அவள்தான் ஊற்றியிருக்க வேண்டும். "வாங்க பிரதர்" என்று சொல்லித்தான் ஊற்றியிருப்பாள்.

குளிர்காலம் வந்தால் சபையார் ஆலயத்துக் கூடத்தைச் சாயங்காலங்களில் திறந்துவிடுவது வழக்கம். கூரை இல்லாதவர்களுக்கும், கூரை இருந்தும் அடுப்பு இல்லாதவர்களுக்கும் சூடாக சூப், இரண்டு துண்டு ரொட்டி, போகும்போது ஒரு கம்பளி. தானமாக வரும் கோட்டுகளைப் பிரித்து, கிழிசல் தைத்து, பட்டன் வைத்துக் கொடுக்கும் வேலைக்காகத்தான் முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். நாளடைவில் சூப் கரண்டியும் அவள் கைக்கு வந்துவிட்டது. கரண்டியோடு ஒரு சட்டத்தையும் அவளே கொண்டுவந்தாள். யாரையும் பேர் கேட்கக் கூடாது. வருகிற ஆண்கள் எல்லாரும் பிரதர், பெண்கள் எல்லாரும் சிஸ்டர். அதைவிட முக்கியம், முகத்தைப் பார்க்கக் கூடாது. "கையேந்தி நிக்கிறவங்க மூஞ்சியை உத்துப் பாக்காதீங்க. கோப்பையைப் பாத்து ஊத்துங்க. அது போதும்" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாள். பாஸ்டர் அதை ஒரு பிரசங்கத்திலேயே சொல்லிப் பாராட்டினார்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அண்ணன் எலக்ட்ரீஷியன். ஒரு மில்லில் மோட்டார் பெல்ட்டில் சிக்கி இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. வேலை போயிற்று. அதன்பிறகு குடி வந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஜெப விண்ணப்பங்களைச் சொல்லுகிற நேரத்தில், எழுந்து மைக்கைப் பிடித்து அண்ணன் பேரைச் சொல்லி, குடியைச் சொல்லி, அழுது ஜெபிக்கக் கேட்டுக்கொண்டாள். சபை முழுக்க உருகி ஜெபித்தது. அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் கடைக்குப் போனாலும் பஸ் ஏறினாலும் யாராவது தோளைத் தட்டி, "உங்களுக்காக ஜெபிச்சிட்டு இருக்கோம் பிரதர்" என்றார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை. "ஜெபம் பண்ணணும்னா கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணியிருக்கலாம்ல? என் பேரை மைக்குல போட்டு ஏலம் விட்டுட்டியே" என்றான். போனவன்தான். அதற்கப்புறம் போனும் இல்லை, ஆளும் இல்லை.

அந்த ரொட்டி ஓரத்தைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாளாக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கிறது, துணி நகரவில்லை. ஒரு கோட்டுக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். பஸ் நிலையத்து நடைமேடையிலும் பாலத்துக்கு அடியிலும் போய்ப் பார்த்தாள். போர்த்திப் படுத்திருந்தவர்களுக்கு நடுவே, எட்டிப் பார்ப்பதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி நடந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஒரு மனுஷனைத் தேடுவது எப்படி?

"அவருதான்னு எப்படிச் சொல்ற? ரொட்டி ஓரம் பிடிக்காதவங்க ஊர்ல எத்தனையோ பேரு" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"பசியில வர்ற மனுஷன் எதுக்குங்க ஓரத்தை விட்டு வைக்கணும்? அதுவும் அறுந்துபோகாம?"

அவளை அரித்தது அதுதான். அவன் அவளைப் பார்த்திருக்கிறான். கோப்பையை நீட்டிக்கொண்டு, இரண்டடி தூரத்தில், கூடப் பிறந்தவள் நிமிர்ந்து பார்ப்பாளா என்று நின்றிருக்கிறான். அவள் "வாங்க பிரதர்" என்றிருக்கிறாள், யாரோ வழிப்போக்கனிடம் சொல்வதுபோல. எந்த வார்த்தையைச் சொல்லி ஊர் அவன் தோளைத் தட்டியதோ அதே வார்த்தை. சட்டைக் கையை விரல் மறைய இழுத்துவிட்டிருந்த யாரோ ஒருவர், "போதும் சிஸ்டர்" என்று சொன்னது அரைகுறையாக ஞாபகம் வந்தது. அந்த சிஸ்டர் குத்தலா, நிஜமா? ஓரத்தை வைத்துவிட்டுப் போனது கோபத்திலா, கொடுப்பதற்கா?

பாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கேட்டதும் கொட்டிவிட்டாள். அவர் நல்ல மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை சபையில சொல்லி எல்லாரும் ஒருமனப்பட்டு ஜெபிப்போமா சிஸ்டர்?" என்றார்.

"ஐயோ, வேணாம் பாஸ்டர்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளே பயந்துபோனாள். "கதவைச் சாத்திக்கிட்டு நீங்க மட்டும் பண்ணுங்க."

அடுத்த சாயங்காலம் அவள் தன் சட்டத்தைத் தானே மீறினாள். ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்து ஊற்றினாள். வரிசை நெளிந்தது. ஒரு பெண் மப்ளரை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். வாடிக்கையாக வரும் ஒரு கிழவர், "என்னம்மா, போலீஸ்ல சேந்துட்டியா? மூஞ்சியை இப்படித் துழாவுற" என்று கேட்டுவிட்டு, ரொட்டியை வாங்காமலே நகர்ந்தார். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கண்ணைத் திரும்பவும் கோப்பைக்கு இறக்கிவிட்டாள்.

பரவாயில்லை, கை போதும். அந்த இரண்டு விரல் போதும் என்று நினைத்தாள். ஆனால் மறுநாள் கூடத்து வாசலில் வேன் டிரைவர் பெரிய மூட்டையைப் பிரித்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே கருநீலம். வாங்கியவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"இன்னைக்குத்தான் வரணுமா இது?" என்றாள்.

"நல்ல கதையா இருக்கே! விரலு விறைக்குது, கையுறை வாங்குங்கன்னு பாஸ்டரை நச்சரிச்சு எடுத்தது யாரு? நானா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அண்டாவுக்குப் பின்னால் நின்றாள். முகம் கூடாது. கையும் போயிற்று. மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். அவன் வந்து நின்று, இந்தத் தடவையும் தான் கவனிக்காமல் விட்டுவிட்டால்கூட, ஒரு சொல்லாவது அவனுக்குப் போய்ச் சேரட்டும்.

முதல் கோப்பை நீண்டது. "வாங்கண்ணே" என்றாள். அடுத்தது. "வாங்கண்ணே." பெண்களுக்கு, "வாங்கக்கா." போலீஸ் என்று சொன்ன கிழவர் கோப்பையோடு ஒரு நொடி நின்று, "உனக்கு நான் தாத்தா வயசு" என்றார். ஆனாலும் இன்றைக்கு ரொட்டியை வாங்கிக்கொண்டார். வேன் டிரைவர் தன் கோப்பையை நீட்டியபோது அவனுக்கும் அதையே சொன்னாள்.

"சிஸ்டர், உங்களைவிட நான் எவ்வளவோ சின்னவன். இப்பதான் பொண்ணு பாக்குறாங்க. அண்ணேன்னு சொல்லி அதைக் கெடுத்துவிட்றாதீங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்டாவிலிருந்து ஆவி எழுந்து அவள் கண்ணாடியை மூடியது. துடைக்க நேரமில்லை. கருநீலக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, போயின. வாங்கண்ணே. வாங்கண்ணே. சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று உள்ளுக்குள் கலவரமாகவும் இருந்தது. இதுவும் பிரதர் மாதிரி ஆகிவிடுமோ?

"வாங்கண்ணே."

நீண்ட கோப்பை ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. போய், அப்படியே நின்றது. கோப்பையைச் சுற்றிப் பிடித்திருந்த கையுறையில் இரண்டு விரல்களின் நுனி உள்ளே ஒன்றுமில்லாமல், காற்றுப் போன பலூன் மாதிரி மடங்கித் தொங்கியது.

அவள் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. கரண்டி பாதி வழியில் நின்றது. அதிலிருந்து சூப் சொட்டுச் சொட்டாக அண்டாவுக்குள்ளேயே திரும்ப விழுந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "என்னாச்சு, லைன் நகருமா நகராதா?" என்றது.

கோப்பை மெல்ல, போன விரற்கடை தூரம் முன்னால் வந்தது.